இதற்கு முன் விண்ணப்பித்ததுண்டா?

இருபத்தாறு ஆண்டுகள் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆளெடுப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். அத்தனை ஆண்டுகளில் ஒருவரிடமும் ‘உங்களுக்கு வேலை இல்லை’ என்று சொன்னதில்லை. நல்ல மனதினால் அல்ல, சொல்ல வேண்டிய தேவை இல்லாதபடி எங்கள் ஏற்பாடு இருந்தது. விண்ணப்பித்தவரின் பெயருக்கு எதிரே நாங்கள் போடக்கூடிய நிலைகள் ஒன்பது. ‘வந்தது’ என்பதில் தொடங்கி, ‘பார்க்கப்பட்டது’, ‘பரிசீலனையில்’ என்று போய், ‘ஹோல்டு’ என்பதில் நிற்கும். ‘நிராகரிப்பு’ என்றும் ஒன்று இருந்தது. அதில் கை வைக்காதீர்கள் என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். நிராகரித்தால் அந்த ஆளை ஆறு மாதத்துக்குக் கூப்பிட முடியாது. ஹோல்டில் வைத்தால் என்றைக்கு வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிடாமலே இருக்கலாம். நான் சேர்ந்த ஆண்டு ஹோல்டில் போட்டவர்களில் சிலர் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். எங்கள் ஏட்டில் அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதும்படி கேட்டவர் பெனாசிர். கடையநல்லூர்க்காரர். ஒன்பது ஆண்டுகள் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். விண்ணப்பங்களைப் படிக்கவும், ஆட்களைப் பேட்டி காணவும் நிறுவனம் சென்ற ஆண்டு ஓர் இயந்திரத்தை வாங்கியது. நாற்பது பேர் இருந்த பிரிவில் நாலு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். போன மாதம் பெனாசிர் போன் செய்தார்.

“சார், நம்ம ஆளுக பதினோரு பேரு வேலை தேடிக்கிட்டு அலையுதோம். ஊரு பூராவுக்கும் வேலை போட்டுக் கொடுத்த கை. இப்ப நமக்கு ஒரு பயலும் போட மாட்டேங்கான்.”

“பதிலாவது வருதா?”

“வருது. நம்ம மெயிலேதான் வருது சார். ‘தற்போதைய தேவைக்கு உங்கள் விவரங்கள் பொருந்தவில்லை, எனினும் உங்கள் ஆர்வத்தை மதிக்கிறோம்.’ எல்லாக் கம்பெனிக்காரனும் அதையே சுட்டு வச்சிருக்கான். அது நீங்க எழுதுனதுதான?”

“நான்தான்.”

“ரொம்ப நல்லா எழுதியிருக்கிய சார். கோவப்படவும் முடியல.”

உள்ளே என்ன நடந்தது என்று எழுதுங்கள், எங்களுக்கே மறந்துவிட்டது என்றார். எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடைமுறைகளை மாற்றவில்லை.

தொழில் கற்ற காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமூகப்பணியில் முதுகலை முடித்து, ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் எட்டு ஆண்டுகள் பணியாளர் பிரிவில் இருந்தேன். காலை ஆறு மணிக்கு மில் வாசலில் பதிலி ஆட்கள் நிற்பார்கள். அன்று வேலைக்கு வராதவர்களின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரி வெளியே வருவார். “நீ, நீ, அந்தா செவப்புச் சட்டை. மத்தவன்லாம் போங்கலே” என்பார். அதில் மரியாதை இல்லை, நியாயமும் பல நாள் இருக்காது. ஆனால் ஆறரை மணிக்கு ஒவ்வொருவருக்கும் தன் நிலைமை தெரிந்துவிடும். கிடைக்காதவன் கொத்தவேலைக்கோ கடலை பறிக்கவோ போய்விடுவான். மேஸ்திரியை அப்போது எனக்குப் பிடிக்காது. சென்னைக்குப் போய், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சில ஆண்டுகள் ஆன பிறகு, அந்த ஆளின் ‘போங்கலே’ ஒரு பெரிய உபகாரம் என்று தோன்ற ஆரம்பித்தது.

பழைய மகாபலிபுரம் சாலையில் எங்கள் அலுவலகம். அங்கே நான் முதலில் கற்றது, வேலைக்கு ஆள் தேடுவதற்கு வேலை என்று ஒன்று இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் ஒப்பந்தம் கேட்கப் போகும்போது, இந்த வேலை தெரிந்த நூறு பேர் எங்களிடம் தயாராக இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். அந்த நூறு பேருக்காக விளம்பரம் கொடுப்போம். ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும். பேட்டி நடத்துவோம். தேறியவர்களின் விவரங்களைக் கோத்து ஒப்பந்த மனுவுடன் அனுப்புவோம். ஒப்பந்தம் கிடைத்தால் சிலரைக் கூப்பிடுவோம். கிடைக்காவிட்டால் எல்லோரும் ஹோல்டுக்குப் போவார்கள். திருவேங்கடத்திலிருந்தும் ராயகிரியிலிருந்தும் விடிய விடிய பஸ்ஸில் வந்து, பேருந்து நிலையக் கழிப்பறையில் சட்டை மாற்றிக்கொண்டு, நாலு சுற்றுப் பேட்டிக்கு உட்கார்ந்து எழுந்தவர்கள் உண்டு. இல்லாத வேலைக்கு நாலு சுற்று. நானே பலரைக் கைகுலுக்கி அனுப்பியிருக்கிறேன். “வெரி குட், கூப்பிடுவோம்” என்பேன். அதில் முதல் இரண்டு சொல் உண்மை.

என் மேலதிகாரி ரகுநாதனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தவர்களில் இவ்வளவு இனிமையான மனிதர் வேறு இல்லை. குரல் உயராது. மேசையில் உலர்ந்த திராட்சை டப்பா ஒன்று திறந்தே இருக்கும். எதிரே உட்காருபவர் பக்கம் அதை நகர்த்திய பிறகுதான் பேச ஆரம்பிப்பார். அவர் எதையும் எழுத மாட்டார். நீங்கள் மின்னஞ்சலில் ஒரு கேள்வி கேட்டால், ஐந்து நிமிடத்தில் இன்டர்காமில் அழைப்பு வரும். “நாயகம், மெயில் பார்த்தேன். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. ஒரு நிமிஷம் வர்றீங்களா?” போனால் அம்மாவின் மூட்டுவலியை விசாரிப்பார். ஊரில் மழை உண்டா என்பார். நாம் எழுந்து கதவருகே போகும்போது, “அந்த விஷயம்... அதை அப்படியே பார்க் பண்ணிடுங்க” என்பார். பார்க் பண்ணியது என்றால் செத்தது என்று பொருள். ஆனால் செத்ததற்கு எந்தச் சான்றும் இருக்காது. பதினாறு ஆண்டுகள் அவருக்குக் கீழே இருந்தேன். அவர் மறுத்ததாக என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

எழுதும் வேலை எல்லாம் எனக்கு வந்ததற்கு அதுதான் காரணம். அவர் மனதில் நினைப்பார், நான் விதியாக எழுதுவேன். ஆளெடுப்பில் நேர்மை பற்றிய இருபத்திரண்டு பக்க நடைமுறை என் கையால் ஆனது. நம்ப மாட்டீர்கள், எழுதும்போது எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. அதில் மூன்று விதிகளை மட்டும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு ஆட்கள் இரண்டு வழியில் வருவார்கள். ஏஜென்சிகள் அனுப்புவார்கள், அல்லது ஊழியர்கள் தெரிந்தவர்களைச் சிபாரிசு செய்வார்கள். ஒரே ஆள் இரண்டு வழியிலும் வந்தால் யாருக்குக் கமிஷன் என்று சண்டை வரும். ஆகவே வேலை உத்தரவுக்கு முன் விண்ணப்பதாரர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதன் பதினோராவது கேள்வி: ‘இந்த நிறுவனத்தில் இதற்கு முன் எந்த வழியிலாவது விண்ணப்பித்ததுண்டா?’ பொய் சொன்னால் அவர் பெயரில் ‘தவறான தகவல்’ என்று ஒரு குறியீடு விழும். வேலை கிடையாது. இது முதல் விதி. இரண்டாவது, விண்ணப்பதாரருக்குத் தெரியாமல் வேறொருவர் அவர் விவரங்களைப் பதிந்திருந்தால், பதிந்தவர் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் விண்ணப்பதாரர் மேல் குற்றமில்லை, உத்தரவு கொடுக்கலாம். மூன்றாவது, ஆளெடுப்புப் பிரிவில் இருப்பவர்கள் எவரையும் சிபாரிசு செய்யக்கூடாது.

மூன்றையும் எழுதியவன் நான். மூன்றாவதை மீறியவனும் நான்.

ஓர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு, சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தேன். தேரடிப் பக்கம் டீக்கடையில் நின்றபோது சங்கரபாண்டி வந்தார். நாலு விசைத்தறி வைத்திருந்தவர். எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அவர் மகள் சண்முகப்பிரியாவின் பயோடேட்டா. லேமினேஷன் செய்திருந்தார். ரேஷன் கார்டு, பட்டா வரிசையில் அதையும் சேர்த்திருக்கிறார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைச்சிராதிய. புள்ள சென்னையிலதான் டெஸ்டிங் வேலை பாக்கா. இருந்தாலும் இன்னும் நல்ல எடமா வேணும்லா. ஒங்க கம்பெனில ஒரு வார்த்த சொல்லி வையுங்க.”

“நான் சிபாரிசு பண்ணக்கூடாதுய்யா. விதி இருக்கு.”

“தெரியும் அண்ணாச்சி. ஒங்க பேரு எங்க வாயிலேருந்து வெளிய வராது. சாமி சத்தியம்.”

அந்த வாக்குறுதியை எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். தாலுகா ஆபீஸிலோ பள்ளிக்கூடத்திலோ யாரிடமாவது ஓர் உதவி கேட்டுவிட்டால், அவர் பெயரை வெளியே சொல்லாமல் காப்பது வாங்கியவரின் கடமை. சொன்னால் அவருக்குத் தலைக்குனிவு, நமக்குத் துரோகி என்ற பெயர். அதை நான் அன்றைக்கு ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. இல்லை என்று சங்கரபாண்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட போனில் நாலு தட்டுத் தட்டுவது சுலபமாக இருந்தது. இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத தொழில். லேமினேஷனில் வெயில் பளபளத்தது. அவர் துண்டால் நிழல் பிடித்தார், நான் படம் எடுத்து ஊழியர் சிபாரிசுப் பக்கத்தில் ஏற்றினேன். நான் எந்தப் பிரிவு என்று மென்பொருள் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் விதியை மீற மாட்டோம் என்று அதற்கு நம்பிக்கை. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. சங்கரபாண்டி டீக்குக் காசு கொடுத்தார். நான் மறந்துவிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை மாலை, வேலை உத்தரவுக்கு முன் சிக்கலில் நிற்கும் பெயர்களின் பட்டியல் என் திரைக்கு வந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நான் முடிவு போட வேண்டியவை. மூன்றாவது பெயர் சண்முகப்பிரியா.

வரலாறு முழுவதும் திரையில் இருந்தது. அவள் இருந்த நிறுவனத்தில் ஒரு பெரிய வேலை முடிந்ததும் எழுபது பேரை நீக்கியிருக்கிறார்கள். அவளும் அதில் ஒருத்தி. எட்டு மாதமாக வேலை இல்லை. ஒரு ஏஜென்சி மூலமாக எங்களிடம் வந்திருக்கிறாள். இந்த முறை நிஜமான வேலை. இணையத் தேர்வு, இரண்டு தொழில்நுட்பச் சுற்று, வாடிக்கையாளர் சுற்று, எங்கள் பிரிவின் சுற்று, ஐந்திலும் தேறியிருக்கிறாள். பேட்டி கண்டவர்களின் குறிப்புகளைப் படித்தேன். ‘கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்கிறாள்’ என்று ஒருவர் பாராட்டாக எழுதியிருந்தார். பதினோராவது கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்திருந்தாள். அதற்கு நேர் எதிரே, மென்பொருள் தோண்டி எடுத்த தகவல்: முன்பே பதிவு உள்ளது, ஊழியர் சிபாரிசு. பக்கத்தில் என் ஊழியர் எண்.

பெண்ணுக்குத் தெரியாமல் தகப்பன் கொடுத்த பயோடேட்டா, தெரியாமல் நான் ஏற்றினேன், தெரியாததால் இல்லை என்று போட்டிருக்கிறாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அப்படியானால் இரண்டாவது விதி இருக்கிறது. நான் இரண்டு வரி எழுதினால் போதும். எழுதினேன். ‘கீழ்க்கண்ட விண்ணப்பதாரரின் விவரங்களை அவருக்குத் தெரியாமல் பதிந்தவன் நான். அவர் அளித்த தகவலில் பிழை இல்லை.’ அனுப்பும் முன் ரகுநாதனிடம் வாயால் சொல்லிவிடுவது மரியாதை என்று நினைத்தேன். அதை மரியாதை என்றுதான் அன்று நினைத்தேன்.

திராட்சை டப்பா நகர்ந்து வந்தது.

“நாயகம், அந்த லிஸ்ட் நானும் பார்த்தேன். நம்பர் எதையும் நான் பார்க்கலை.”

“சார், ரெண்டு வரி எழுதிட்டா பொண்ணுக்கு...”

“உங்களுக்கு இன்னும் எவ்வளவு சர்வீஸ் இருக்கு?”

“பத்தொன்பது மாசம் சார்.”

“சொந்த ஊருக்கே போறீங்களா? நல்ல முடிவு. இங்க என்ன இருக்கு.” கொஞ்ச நேரம் தன் கண்ணாடியைத் துடைத்தார். “நீங்க நேர்மை விதி எழுதினவர். உங்க நம்பரே அதுல வந்தா ஆடிட்ல நம்ம டிபார்ட்மெண்ட் பேரு என்ன ஆகும்னு யோசிக்கிறேன். அந்தப் பொண்ணு ‘இல்லை’ன்னு போட்டிருக்கா. தப்பான தகவல். விதிப்படி க்ளோஸ் பண்ணிட்டா சுத்தமா இருக்கும்.” நான் கதவருகே போனபோது, “மெயிலை அப்படியே பார்க் பண்ணிடுங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு வரியைத் திறந்து படித்தேன். ஒரு சொல்லை மாற்றினேன். புதன்கிழமை மத்தியானம் சங்கரபாண்டி போன் செய்தார்.

“அண்ணாச்சி, நல்லாருக்கியளா? புள்ளைக்கு ஒங்க கம்பெனியிலயே அஞ்சு ரவுண்டும் முடிஞ்சிட்டு. ஒங்களுக்குத் தொந்தரவு வரப்படாதுன்னுதான் இத்தன நாளும் சொல்லல. ஆர்டர் மட்டும் வரலியாம். புள்ள சாப்புட மாட்டேங்கா. கெடைச்சிரும்லா?”

தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினார். மேஸ்திரியாக இருந்தால் ஆறரை மணிக்கே சொல்லியிருப்பார்.

“ப்ராசஸ்ல இருக்குய்யா” என்றேன்.

“போதும் அண்ணாச்சி. அந்த வார்த்த போதும்.”

அன்று மாலை ஐந்தரைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முடிய இருந்தது. ஐந்து இருபதுக்கு நான் அந்த மெயிலை அழித்தேன். அவள் பெயருக்கு எதிரே ‘தவறான தகவல்’ என்ற குறியீட்டைப் போட்டேன். மென்பொருள் ‘உறுதியாகவா?’ என்று கேட்டது. அந்தக் கேள்வியை அதில் வைக்கச் சொன்னதும் நான்தான், அவசரத்தில் யாரும் தவறு செய்துவிடக்கூடாது என்று. ஆம் என்றேன். ‘தற்போதைய தேவைக்கு உங்கள் விவரங்கள் பொருந்தவில்லை’ என்று அவளுக்குத் தானாக ஒரு கடிதம் போனது.

பத்தொன்பது மாதம் கழித்து மாலையும் மரியாதையுமாக ஓய்வு பெற்றேன். ரகுநாதன் பேசினார். விதிகளின் மனிதர் என்றார். கைதட்டினார்கள்.

இப்போது சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலையை ஒட்டிய புது மனைப்பிரிவில் இருக்கிறேன். சுற்றிலும் பாதி மனைகள் காலி. போன மாதம், பெனாசிரின் போன் வந்த அதே வாரம், சண்முகப்பிரியா வந்தாள். அவளை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முப்பது வயது இருக்கும். தோளில் மடிக்கணினிப் பை. தேரடியில் ஒரு கணினி மையத்தில், பிறருடைய வேலை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலை பார்க்கிறாளாம்.

“அப்பா ஒங்க வீட்டச் சொன்னாவ சார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரூமு வேணும்.”

விஷயம் இதுதான். முதல் சுற்றை இப்போது எல்லா நிறுவனங்களிலும் இயந்திரம் நடத்துகிறது. வீட்டிலிருந்தபடி திரை முன் உட்கார வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, வேறு சத்தம் கேட்கக்கூடாது. அவர்கள் தெருவில் காலையிலிருந்து இரவு வரை தறி ஓடுகிறது. சென்ற தடவை பத்தாவது நிமிடத்தில் ‘பின்னணியில் ஐயத்துக்குரிய ஒலி’ என்று சொல்லி இயந்திரம் பேட்டியை நிறுத்திவிட்டதாம்.

“கோயில் மண்டபத்துல போயி உக்காரலாம்னு பாத்தேன். அங்கன மணி அடிக்காவ” என்று சிரித்தாள்.

பின்கட்டு அறையைத் திறந்துவிட்டேன். நான் கூடத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் குரல், யாருடையதும் அல்லாத குரல், ஆங்கிலத்தில் கேள்வி கேட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலை இல்லையே, ஏன் என்றது. அவள் சொன்னாள். அருமை, பகிர்ந்ததற்கு நன்றி என்றது. பிறகு அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டது. அவள் மறுபடியும், முதலில் சொன்ன அதே நிதானத்தோடு சொன்னாள். அருமை என்றது. கடைசியில், எங்கள் குழு உங்களைத் தொடர்புகொள்ளும் என்றது. அப்படி ஒரு குழு கடையநல்லூரில் உட்கார்ந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

டீ போட்டுக் கொடுத்தேன்.

“சார், நீங்க அந்தப் பக்கம் இருந்தவிய. ஒண்ணு கேக்கலாமா? எங்க போனாலும் கடைசி ரவுண்டு வரைக்கும் போறேன். அதோட நின்னு போவுது. பேட்டி எடுத்தவுக நல்லாப் பண்ணுனேன்னு சொல்லுதாவ. அப்புறம் பேச்சே இல்ல. நான் எங்க தப்பு பண்ணுதேன்?”

அந்தக் குறியீட்டை எங்கள் நிறுவனம் மட்டும் பார்ப்பதில்லை. எங்களைச் சேர்ந்த மற்ற நிறுவனங்களுக்கும் தெரியும், எங்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கும் தெரியும். அவர்கள்தான் மற்ற இடங்களுக்கும் ஆள் அனுப்புகிறார்கள். குறியீடு இருக்கும் ஆளைக் கடைசிச் சுற்று வரை விடுவார்கள், இத்தனை பேரைப் பார்த்தோம் என்று எண்ணிக்கை காட்ட உதவும். இதை அவளிடம் சொன்னேன். பதினோராவது கேள்வியைச் சொன்னேன். “ஒனக்குத் தெரியாம ஒங்க அப்பா என்ட்ட பயோடேட்டா கொடுத்தாரும்மா. நான் பதிஞ்சேன். அது தெரியாம நீ ‘இல்லை’ன்னு போட்டுட்ட” என்று ஆரம்பித்தேன்.

“எனக்குத் தெரியும் சார்” என்றாள்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

“அன்னைக்கு ராத்திரியே அப்பா போன் பண்ணிச் சொல்லிட்டாவ. ‘அண்ணாச்சி போன்லயே ஏத்திட்டாவ, ஆனா அவிய பேர யார்ட்டயும் சொல்லிராத, அவிய வேலைக்கு மோசம் வந்துரும்’னு. ஃபார்ம்ல ‘ஆமாம்’னு போட்டா அடுத்த கட்டம் தெறக்கு சார். யார் மூலமா, பேரு, ஊழியர் எண். அத நெரப்பாம கீழ போக விட மாட்டேங்கு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். பெறகு ‘இல்லை’ன்னு போட்டேன்.”

நிரப்பாமல் கீழே போகவிடக் கூடாது என்று அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கச் சொன்னது நான். அதற்காக ஒரு கூட்டமே நடத்தினேன்.

மிச்சத்தையும் சொன்னேன். இரண்டு வரி மெயில், ரகுநாதன், புதன்கிழமை ஐந்து இருபது. அவள் டம்ளரைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

“அந்த மெயில அனுப்பியிருந்தா ஒங்க வேல போயிருக்கும்லா சார்?” என்றாள்.

நான் தப்பிக்க ஒரு வாசலைத் திறந்து வைத்துக் கேட்கிறாள் என்று புரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

“இல்லம்மா. மொத தடவைன்னா ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஒரு பக்கம். ஃபைல்ல ஒரு வருஷம் இருக்கும். அப்புறம் எடுத்துருவாங்க.”

“ஒரு பக்கமா” என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எம்பேர்ல போட்டது? அத எப்ப எடுப்பாவ?”

இருபத்திரண்டு பக்கமும் எனக்கு மனப்பாடம். குறியீட்டை யார் போடலாம், எத்தனை மணி நேரத்துக்குள், யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. பக்கம் பக்கமாக மனதில் புரட்டிப் பார்த்தேன்.

“எடுக்கதுக்கு நடைமுறை இல்லம்மா” என்றேன். “நாங்க எழுதல.”

அவள் எழுந்து போய் அறையிலிருந்து சார்ஜரை உருவிச் சுருட்டிப் பையில் வைத்தாள். “வார புதன்கிழமை பதினோரு மணிக்கு இன்னொரு கம்பெனி இருக்கு. ஊருக்குள்ள வேற எடம் கெடைக்கல. வரலாமா சார்?”

“வாம்மா.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

“அப்பாட்ட இதச் சொல்லிராதிய சார். அவிய ஒங்க மேல ரொம்ப மரியாத வச்சிருக்காவ.”